குடத்துக்கும் ஷிஃப்டுக்கும் நடுவில்: வடசென்னைத் தெருவில் எல்லா வயசுக்காரரையும் அசைய வைக்க ஒரு முழு வழிகாட்டி

முதல் தடவை நாங்கள் செய்தது எல்லோரும் செய்வதுதான். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு ஃபிளெக்ஸ், 'வாங்க நடப்போம், காலை 6 மணி' என்று. முதல் நாள் நாற்பது பேர். பாதிப் பேர் டீயும் பிஸ்கெட்டும் உண்டு என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். ஒன்பதாம் நாள் நாலு பேர், அதில் ரெண்டு பேர் எங்கள் வீட்டு ஆட்கள்.

வராதவர்களைச் சோம்பேறிகள் என்று நானும் திட்டினேன். எதிர்வீட்டு ஆயாதான் வாயை அடைத்தது. "இன்னா தம்பி பேசுற? அஞ்சரைக்குத் தண்ணி லாரி வரும். நான் கொடத்தப் புடிக்கிறதா, உங்கூட வந்து நடக்கிறதா?"

அதற்குப் பிறகு நாங்கள் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு விஷயம். ஆட்களை உடற்பயிற்சி இருக்கும் இடத்துக்குக் கூப்பிடக் கூடாது. அவர்கள் எங்கே, எப்போது சும்மா நிற்கிறார்களோ அங்கே பயிற்சி போய்ச் சேர வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதிலிருந்து வந்தவைதான்.

எவ்வளவு போதும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பலரும் இதற்குப் பயந்தே ஒதுங்குகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு. கூடவே வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வேலை. 5 முதல் 17 வயசுப் பிள்ளைகளுக்குச் சராசரியாகத் தினம் 60 நிமிடம். 65 தாண்டியவர்களுக்கு வாரம் 3 நாள் விழாமல் நிற்கப் பழகும் பயிற்சியும் சேரும். முன்பெல்லாம் ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றார்கள். 2020-ல் அதை எடுத்துவிட்டார்கள். ரெண்டு நிமிடம் மாடி ஏறினாலும் கணக்குத்தான். மூணாவது மாடி ஹவுசிங் போர்டு வீட்டில் இருக்கிற அக்காவிடம் இதைச் சொல்லும்போது முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

இதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட கணக்கில், 2022-ல் இந்தியாவின் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடல் உழைப்பு இல்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். பெண்கள் பதினைந்து புள்ளி பின்தங்கி நிற்கிறார்கள். அதனால் எங்கே தொடங்குவது என்று யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பெண்களிடம் தொடங்குங்கள்.

படி 1: ஏழு நாள், ஒரு நோட்டு

யாரையும் கூப்பிடாதீர்கள். ஒரு வாரம் தெருவைப் பாருங்கள். காலை 5, காலை 10, மாலை 5, இரவு 8.30, இந்த நாலு நேரத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். எத்தனை பேர், என்ன வயசு, நிற்கிறார்களா, உட்கார்ந்திருக்கிறார்களா, அவ்வளவுதான்.

எங்கள் நோட்டில் இருந்தது இது. காலை 5: குடம் வைத்து வரிசை, ஏழு பெண்கள், லாரி வரும்வரை இருபது நிமிடம் சும்மா நிற்கிறார்கள். காலை 10: திண்ணையில் மூணு தாத்தா, ஒரு பேப்பர். மாலை 5: பையன்கள் இருபது பேர் கிரிக்கெட், பெண்பிள்ளைகள் மூணு பேர், மூணும் பத்து வயசுக்குக் கீழே. இரவு 8.30: சோறு வடித்து முடித்த பெண்கள் காற்று வாங்க வாசலில் பதினோரு பேர். மீன் விற்கும் அக்காமார் அந்த நேரத்தில் தூங்கிவிட்டார்கள். அவர்கள் நடுராத்திரி தாண்டினதும் எழுந்து காசிமேடு போக வேண்டும்.

இந்த ஒரு பக்கத்தில் எல்லாமே இருந்தது. காலை 6 மணி என்பது எங்கள் தெருவில் யாருக்கும் காலி நேரமே இல்லை. மணலி பக்கம் ஷிஃப்ட் போகிறவர்கள் அப்போதுதான் வீடு திரும்புகிறார்கள் அல்லது கிளம்புகிறார்கள்.

படி 2: இடம்

'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தமிழக அரசு 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைப்பாதை அறிவித்தது. நல்ல திட்டம். சென்னைக்கான பாதை பெசன்ட் நகரில். கொருக்குப்பேட்டையில் இருந்து நடக்கப் போக பஸ் ஏற வேண்டும். கடற்கரை எங்களுக்கும் உண்டுதான், ஆனால் காசிமேட்டில் இருந்து எண்ணூர் வரை பல இடங்களில் மணலுக்குப் பதில் கருங்கல்தான் கிடக்கிறது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கல்லில் நண்டு நடக்கும், ஆயா நடக்காது.

ஆகவே சின்ன இடமாகத் தேடுங்கள். இருபது பேர் கை நீட்டி நிற்க, கல்யாண மண்டபத்தில் பாதி அளவு போதும். ஹவுசிங் போர்டு பிளாக்குகளுக்கு நடுவில் உள்ள தரை, கோயில் தேர் நிற்கும் இடம், சர்ச் வளாகம், மதரஸா முற்றம், மாநகராட்சிப் பள்ளி மைதானம், பூங்கா. மொட்டைமாடி வேண்டாம், கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழே இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டோரமும் வேண்டாம். மூச்சு வாங்கும்போது புகையையும் சேர்த்து வாங்குவோம். கொடுங்கையூர் குப்பைமேடு பக்கம் இருப்பவர்கள் குப்பை எரியும் நாளில் உள்ளே இருந்து செய்யுங்கள், போகி அன்று முழுசாக லீவு விடுங்கள்.

பூங்காவில் வைக்கும் இரும்பு மெஷின்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துப் பூங்காவுக்கு யாரோ நன்கொடையாகக் கொடுத்தார்கள். மூணே மாசத்தில் போல்ட் கழன்று, நடக்கும் மெஷினில் ஒரு சின்னப் பிள்ளை விரல் மாட்டிக்கொண்டது. யாராவது உபகரணம் தருகிறேன் என்றால், ரிப்பேர் யார் செய்வது என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால், தெருவிளக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ராத்திரிக் குழுவுக்கு மெஷினைவிட வெளிச்சம் முக்கியம்.

படி 3: அனுமதி

பள்ளி மைதானம் வேண்டுமானால் எச்.எம்.மை நேராகப் போய்ப் பார்ப்பதைவிட, பள்ளி மேலாண்மைக் குழு வழியாகப் போவது சுலபம். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உங்கள் தெரு அக்கா யாராவது அதில் இருப்பார். மனுவில் நாலு விஷயம் இருக்கட்டும்: எந்த நாள், எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரை, சாவி யார் பொறுப்பு, பெருக்கி ஒப்படைப்பது யார். 'சமூக நல நோக்கோடு' என்று அரைப் பக்கம் எழுதினால் யாரும் படிப்பதில்லை.

பூங்கா, தெரு என்றால் வார்டு கவுன்சிலர், மண்டல அலுவலகம். திருவொற்றியூர் 1, மணலி 2, மாதவரம் 3, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5, திரு.வி.க. நகர் 6 என்று மண்டல எண்கள். தெருவிளக்கு, குப்பை, நாய்த் தொல்லைக்கு மாநகராட்சியின் புகார் எண் 1913. மனு கொடுத்தால் நகலில் தேதி முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

அனுமதி கையில் இருந்தாலும் இடம் நிலைக்கும் என்று நம்பிவிட வேண்டாம். 2024 அக்டோபரில் மாநகராட்சி தன்னுடைய 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் கையோடு திரும்பப் பெற்றார்கள். அந்தத் திடல்களில் தினமும் ஆட ஆள் இருந்ததால்தான் சத்தம் கிளம்பியது. காலியாகக் கிடக்கும் மைதானத்துக்காக யாரும் குரல் கொடுப்பதில்லை.

படி 4: ஆறு பேர்

அறுபது பேருக்கு ஆசைப்படாதீர்கள். நோட்டில் பார்த்த ஆட்களில் ஆறு பேர் போதும். அதில் ஒருவர் தெருவில் எல்லோரையும் சத்தம் போட்டுக் கூப்பிடக்கூடியவராக இருக்க வேண்டும். எங்களுக்கு அது இட்லிக்கடை அக்கா. முதல் ரெண்டு வாரம் பதினைந்தே நிமிடம். செருப்பு இருந்தால் போதும், ஷூ வாங்கச் சொல்லாதீர்கள், நைட்டியோடு வந்தாலும் சரி. ஒருவர் வராத நாளில் வீட்டு வாசலில் போய் "யக்கா, நேத்து காணோமே" என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். ரெண்டாவது தடவை கேட்டால் கடன்காரன் மாதிரி ஆகிவிடும்.

கட்சிக்காரர் படம் போட்ட டி-ஷர்ட்டை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அடுத்த வாரம் பாதித் தெரு வராது.

படி 5: வயசுக்கு ஏற்ற வேலை

குழந்தைகள். 5 வயசுக்குக் கீழ் தனியாக வகுப்பு எதுவும் வேண்டாம். 1 முதல் 4 வயசு வரை நாள் முழுவதும் சேர்த்து 180 நிமிடம் ஓடியாடினால் போதும் என்பது கணக்கு. பெரிய பிள்ளைகள் ஆடும் இடத்தோரம் விட்டால் அதுகளே ஓடும்.

6 முதல் 12 வரை, புதுசாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பாண்டி, நொண்டி, ஏழு கல், கல்லா மண்ணா, ஐஸ்பாய், கோகோ, ஸ்கிப்பிங் கயிறு. ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். நம் விளையாட்டுகளில் 'அவுட்' ஆனவன் ஓரமாக உட்காருவான். குண்டான பிள்ளை, மெதுவாக ஓடும் பிள்ளை முதலில் அவுட் ஆகும். அதாவது யார் அதிகம் ஓட வேண்டுமோ அந்தப் பிள்ளைதான் அதிகம் உட்காருகிறது. நாங்கள் வைத்த விதி: அவுட் ஆனால் எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டு ஓடிவந்து திரும்பச் சேர்ந்துகொள். தோப்புக்கரணம் போடச் சொல்லாதீர்கள். பயிற்சியைத் தண்டனையாகக் கொடுத்தால் பிள்ளைக்கு ஆயுசுக்கும் அது தண்டனைதான். காத்தாடி விடலாம், பருத்தி நூலில். மாஞ்சா என்று ஒரு பேச்சு எழுந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். பைக்கில் போனவர்களின் கழுத்தை அறுத்த ஊர் இது.

பெண்பிள்ளைகள். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பத்து வயசு வரை மைதானத்தில் கத்திக்கொண்டு ஓடிய பிள்ளை, பன்னிரண்டு வயசில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவோடு காணாமல் போய்விடும். யாரும் தடை போட்டதாகச் சொல்ல மாட்டார்கள். கேட்டால் "டியூஷன் இருக்கு" என்பார்கள். விசாரித்துப் பார்த்தபோது எங்களுக்குக் கிடைத்த காரணங்கள் மூணு: பக்கத்தில் கழிப்பறை இல்லை, என்ன உடுத்துவது என்ற கேள்வி, ஓரமாக நின்று கமென்ட் அடிக்கும் பையன்கள்.

மூணுக்கும் தனித்தனியாகத்தான் வழி பார்க்க வேண்டியிருந்தது. பள்ளிக் கழிப்பறைச் சாவியை ஒரு அம்மாவிடம் கொடுத்தோம். பந்துப் பையில் நாப்கின் ஒரு பாக்கெட் எப்போதும் இருக்கும், எடுப்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம். உடைக்குச் சட்டம் எதுவும் இல்லை, டிராக் பேன்ட்டோ சுடிதாரோ பர்தாவோ, ஓட முடிந்தால் சரி. பையன்களுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: செவ்வாய், வியாழன், சனி மாலை 5 முதல் 6 வரை மைதானம் பெண்பிள்ளைகளுடையது, மழையில் யாருமே வராவிட்டாலும் காலியாகத்தான் கிடக்கும். முதல் மாசம் அப்படிக் காலியாகவே கிடந்த நாட்கள் உண்டு. அந்த ஒரு மணி நேரத்தைப் பையன்களுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கியிருக்கவே முடியாது. அம்மாக்கள் முதலில் காவலுக்கு வந்து ஓரமாக உட்கார்ந்தார்கள். ஒரு நாள் பந்து உருண்டு வந்தபோது ஒரு அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உதைத்தார். பந்து சுவரைத் தாண்டிப் போனது. பிறகு அம்மாக்களுக்கும் ஒரு கோல் போஸ்ட், ரெண்டு செங்கல் வைத்து.

இளைஞர்களுக்கு ஊக்கம் கொடுக்க நாம் யார்? வியாசர்பாடிக்குக் கால்பந்து ரத்தத்தில் ஓடுகிறது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள் இருந்த மண். கர்லாக்கட்டை சுற்றிய கூடங்கள் இன்னும் சில சந்துகளில் உண்டு. இவர்களைச் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியாராகப் போடுங்கள், அதுவே பெரிய வேலை. ஜிம் போகிறவனிடம் ஒன்று மட்டும் காதில் போடுங்கள்: உடம்பு ஏற ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லும் மாஸ்டரிடம் இருந்து ஓடிவிடு.

முப்பது தாண்டிய ஆண்கள்தான் கடினம். துறைமுகத்திலும் மார்க்கெட்டிலும் பாரம் தூக்குகிறவரிடம் போய் 'உடற்பயிற்சி' என்றால் சிரிப்பார். ஆனால் வேலைக்காக மணிக்கணக்கில் பாரம் தூக்குவது, ஓய்வு நேரத்தில் ஓடியாடுவது போல இதயத்துக்கு நன்மை தருவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. நடுவில் இளைப்பாற நேரமில்லை, ரத்த அழுத்தம் ஏறியபடியே நிற்கிறது. அவருக்கு முதுகை நீட்டி நிமிர்த்தும் அசைவு, நிதானமான நடை, இது போதும். ஆட்டோக்காரர்களுக்கு ஸ்டாண்டிலேயே, ஒவ்வொரு சவாரிக்கும் நடுவில் வண்டியைச் சுற்றி மூணு நிமிட நடை.

இவர்களைப் பிடிக்க எங்களுக்கு உதவியது கேரம் போர்டு. கேரமில் கலோரி ஒன்றும் கரையாது, அது எனக்கும் தெரியும். ஆனால் வடசென்னையில் போர்டு போட்டால் ஆண்கள் தேடி வருவார்கள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூணு தங்கம் வாங்கிய காசிமா இந்தப் பக்கத்துப் பிள்ளை, ஆட்டோ ஓட்டுநரின் மகள். போர்டில் நாலு பேர் ஆட, எட்டுப் பேர் காத்திருப்பார்கள். காத்திருப்பவர்கள் சுவரில் கை ஊன்றிப் பத்து தண்டால், பத்து பஸ்கி. பந்தயம் கட்டிக்கொண்டு செய்கிறார்கள். அது பாட்டுக்கு நடக்கிறது.

வீட்டுப் பெண்கள். "நாள் பூரா வேலதானே செய்யறோம்" என்பார்கள். மறுக்காதீர்கள், உண்மை. துணி துவைப்பது, படியேறுவது எல்லாம் கணக்கில் வரும். அவர்களுக்குக் குறைவது தசை வலு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ எடை, கைக்கு ஒன்று. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் இருபது நிமிடத்தில் குதிகால் தூக்கி இறக்குவது இருபது தடவை, பாட்டிலைத் தோள்வரை தூக்குவது பத்துப் பத்தாக ரெண்டு சுற்று. குடத்தைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கிக் குந்தி எழுவது எப்படி என்று அப்போதே காட்டிவிடலாம். வரிசையில் நிற்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வர வேண்டாம் என்பதால் மறுக்க அவர்களுக்கும் காரணம் கிடைக்கவில்லை.

பெரியவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். சுவரில் முட்டுக்கொடுத்து வையுங்கள், இல்லையென்றால் பின்னால் வழுக்கும். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும், 30 நொடியில் எத்தனை தடவை என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயசுப் பெண்ணுக்கு 11-க்குக் குறைந்தால், ஆணுக்கு 12-க்குக் குறைந்தால், கால் வலு போதவில்லை, விழும் ஆபத்து கூடுதல். அந்தச் சோதனையையே பயிற்சியாகவும் வைத்துக்கொள்ளலாம். எதிர்வீட்டு ஆயா முதல் நாள் நாலு தடவை எழுந்தது, ஐந்தாவதில் முட்டியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டியது. நாலு மாசம் கழித்து ஒன்பது. "ஒம்போதுன்னு எழுதுறா நோட்ல" என்று நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனது.

கண் தெரியாதவர், போலியோ வந்த கால், சக்கர நாற்காலி என்று யாரையும் ஓரத்தில் உட்காரவைத்து விசில் கையில் கொடுக்காதீர்கள். உட்கார்ந்தபடி கை வேலை எல்லாருக்கும் உண்டு. தமிழக அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத் திறனாளிகளுக்கு என்றே தனிப் பிரிவு இருக்கிறது, பதியும் நேரத்தில் தகவலைச் சொல்லுங்கள்.

படி 6: உடம்பு கவனம்

தொடங்கும் முன் 35 தாண்டிய எல்லோருக்கும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் ஊழியர் தெருவுக்கு வரும் நாளில் உங்கள் குழு கூடினால் இன்னும் நல்லது. வேகத்துக்கு ஒரு அளவுகோல்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது. பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். வேர்த்து, கை நடுங்கினால் உடனே வாயில் போட வேண்டும். வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உணர்ச்சி இல்லாத காலில் கண்ணாடிச் சில்லு ஏறினாலும் தெரியாது. நெஞ்சு அழுத்தம், இடது கை அல்லது தாடை வலி, தலை சுற்றல் என்றால் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துப் பார்ப்போம் என்று இருக்காமல் 108. அக்னி நட்சத்திர நாட்களில் காலை 10 முதல் மாலை 5 வரை எதுவும் வேண்டாம். பந்தைத் துரத்தும் பிள்ளைகளைத் தெருநாய் துரத்தும், கடித்தால் கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி.

படி 7: பணமும் டோர்னமென்ட்டும்

செலவு பெரிதில்லை: பந்து ரெண்டு, கயிறு நாலு, விசில், சாக்பீஸ், நோட்டு, முதலுதவிப் பெட்டி. தெருவிலேயே ஆளுக்குப் பத்து ரூபாய் வாங்கி, கணக்கை மாசாமாசம் சுவரில் ஒட்டுங்கள்.

ஆறாவது மாசம் யாராவது டோர்னமென்ட் வைக்கலாம் என்று கிளம்புவார். என் கருத்து: முதல் வருஷம் வேண்டாம். கோப்பை, மைக் செட், பிரியாணி என்று பணம் போய், இருபத்திரண்டு பேர் ஓட, இருநூறு பேர் நின்று கைதட்டுவார்கள். தோற்ற தெருவோடு சண்டை வேறு. கட்டாயம் வேண்டுமென்றால் ஐந்து பேர் அணியாக, ஒவ்வொரு அணியிலும் ஒரு அம்மா, ஒரு நாற்பது தாண்டிய ஆண், ஒரு பன்னிரண்டு வயசு என்று விதி போடுங்கள். ஆட்டம் கேவலமாகத்தான் இருக்கும், எல்லோரும் ஓடுவார்கள்.

படி 8: நிற்கும்போது

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். பரீட்சை மாசம் பிள்ளைகள் வர மாட்டார்கள். ஆடியில் கூழ் ஊற்றும் வாரம், நோன்பு மாசம், தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்று எப்படியும் நின்று நின்றுதான் போகும். நோன்பு நேரத்தில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்த பிறகு வைத்தபோது வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். மழைக்காலத்தில் ஸ்டூல் வேலையை மட்டும் சர்ச் தாழ்வாரத்துக்கு மாற்றினோம்.

எந்த நாளில் திரும்பத் தொடங்குவோம் என்பதை நிறுத்துகிற அன்றே எழுதிவிட வேண்டும். 'மழை விட்டதும் பார்ப்போம்' என்று கலைந்த ஒரு வருஷம் ஜூன் வரை யாரும் கூடவில்லை. இந்தத் தடவை தெரு முழுக்கத் தண்ணீர் ஏறின அன்றைக்கு, இட்லிக்கடை அக்கா கடைச் சுவரில் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே சாக்பீஸால் எழுதிவைத்திருக்கிறார்: 'தை 5, ராத்திரி 8.30, ஸ்டூல் கொண்டாரவும்.'